மேஜை டிராயர் போல் ஓர் அறை!

எர்ணாவூர்வாசிகளுக்கு வண்டிகளைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே எண்ணூர் சாலை. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெயினர் முனையம் வந்தது முதல், இந்தச் சாலைக்குக் கன்டெயினர் லாரிகளே நிரந்தர அலங்காரமாகிவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அவற்றை ஒட்டித்தான்; பெரியவர்கள் வேலைக்குப் போவதும் அவற்றை ஒட்டித்தான்.

பக்கத்திலேயே அசோக் லேலண்ட் தொழிற்சாலை. 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் பிறந்த கம்பெனி அது. முதலில் இங்கிலாந்து தேசத்து ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பிறகு லேலண்ட் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, 1955-ல் இப்போதைய பெயரை அடைந்தது. அங்கிருந்து புறப்பட்ட வெறும் சேஸிஸ்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே பலர் உண்டு. கூரை கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எலும்புக்கூட்டின் மேல் உட்கார்ந்து சவாரி செய்வதைப் போல டிரைவர் ஓட்டிக்கொண்டு போவார். எங்கே? கரூருக்கோ, நாமக்கல் பக்கமோ! எலும்பு எண்ணூரில், சதை வேறோர் ஊரில். இந்தச் செய்தியைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்று நான் சொல்லப் போவது ஒரு விசித்திர வண்டியைப் பற்றி. வண்டிக்குள் வீடு, வீட்டுக்குள் ஓர் அறை, அந்த அறை மேஜை டிராயர் போல வெளியே வரும், உள்ளே போகும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? அது ஒழுக ஆரம்பித்தால்தான் வேடிக்கை வினையாகும்.

அறை ஏன் நீள வேண்டும்?

நம் ஊரில் 'கேரவன்' என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். கேரள அரசு 2021-ல் உல்லாசப் பயணிகளுக்காகக் கேரவன் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலோ இது வெகு சகஜம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள், இருந்த வீட்டை விற்றுவிட்டு, கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள மோட்டார் வீட்டில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுவார்கள்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! சாலையில் ஓடும் வண்டி இவ்வளவு அகலந்தான் இருக்கலாம் என்று அது கட்டுப்பாடு விதிக்கிறது. அங்கே 8½ அடி. இங்கே லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2.6 மீட்டர், ஏறக்குறைய அதே அளவுதான். அந்த அகலத்தில் ஒரு பக்கம் சோபாவும் மறுபக்கம் சமையல் மேடையும் போட்டுவிட்டால் நடுவில் நண்டு போலத்தான் நடக்க வேண்டும்.

இதற்கு வழி கண்டார்கள். ஓடும்போது வண்டி ஒடுங்கியிருக்கட்டும், நின்றபிறகு விரியட்டும்! இந்தியானா மாநிலத்தில் நாப்பனீ என்ற சிற்றூரிலுள்ள நியூமார் கம்பெனி, 1990-ஆம் ஆண்டில் இத்தகைய நீளும் அறையைத் தன் வண்டிகளில் புகுத்தியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. பொத்தானை அமுக்கினால் மோட்டார் சுழலும். சோபாவும் ஜன்னலும் சுவரும் கூரையுமாக ஓர் அறையே இரண்டு மூன்று அடி வெளியே நகர்ந்து நிற்கும்.

நல்ல யோசனைதான். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். வண்டியின் சுவரில் பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பெரிய ஓட்டை போட்டாகிவிட்டது! அந்த ஓட்டைக்குள் ஓர் அறை வந்து போக வேண்டும்; மழை மட்டும் வரக்கூடாது. நடுவே காவல் நிற்பது எது? விரல் பருமன் ரப்பர்!

இரண்டு ரப்பர்கள்

ரப்பரில் இரண்டு வகை. ஒன்று குழாய் போல உப்பியிருக்கும். அறை மூடும்போது வெளி விளிம்பும், திறக்கும்போது உள் விளிம்பும் அந்தக் குழாயை நசுக்கி இடுக்கை அடைக்கும். மற்றொன்று நாக்கு மாதிரி. கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் போல, அறை நகரும்போது அதன் கூரையையும் பக்கங்களையும் வழித்துவிடும்.

ரப்பர் வேலை செய்ய வேண்டுமானால் அறையின் விளிம்பு நான்கு பக்கமும் ஒரே சீராக வந்து பதிய வேண்டும். ஒரு மூலை அரை அங்குலம் பின்தங்கினால், அந்த மூலையில் ரப்பர் நசுங்காது. நசுங்காத இடத்தில் நீர் நுழையும்.

இங்கேதான் நாம் முன்பு பார்த்த எலும்பும் சதையும் வருகின்றன. மோட்டார் வீட்டுக்கும் பெரும்பாலும் சேஸிஸ் செய்வது ஒரு கம்பெனி. மேலே வீடு கட்டுவது வேறொரு கம்பெனி. சேஸிஸ் சற்று முறுக்கிக் கொடுக்கத்தான் வேண்டும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது வளைந்து கொடுக்காத சட்டம் உடைந்து போகும். மேலே இருக்கும் வீடோ வளையாது. பெரிய ஓட்டை போட்ட சுவர் அதிலும் பலவீனமானது. பதினைந்து இருபது வருஷம் ஓடிய வண்டியில், சதுரமாக இருந்த ஓட்டை சாய்சதுரமாகிவிடுவதும், போல்ட்டுகள் தளர்வதும், உருளைகள் தேய்வதும் இயற்கை.

ஒன்றை ஒன்று வளர்க்கும் நோய்

அப்படி ஒரு பழைய வண்டி எர்ணாவூர் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழை. கடற்காற்றில் மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும். விடிந்து பார்த்தால் சோபாவுக்கு அடியில் கம்பளம் ஈரம். சொந்தக்காரர் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

"அண்ணே, சுத்தி சிலிக்கான் அடிச்சு விட்டா நின்னுடும்ல?"

"அடிக்கலாம் சார். அப்புறம் ரூம் நகராது, பரவால்லியா?"

மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகரும் இடுக்கில் பசை பூசினால் அறை ஒட்டிக்கொள்ளும். மீறி மோட்டாரைப் போட்டால் ரப்பர் கிழியும். அது மட்டுமா? சிலிக்கான் காய்ந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் பிறகு ஒட்டாது. அடுத்து வருபவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போய்விடும்.

ஈரம் போன இடம் எது? தரைப் பலகை! பழைய வண்டிகளில் அது பிளைவுட்டாகவோ, மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திய பலகையாகவோ இருக்கும். வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சினால் அப்பளம் பொரிந்தாற்போல் உப்பும். உப்பிய தரை அறையை மேலே தூக்கும், உரசும். பிறகு உளுத்துப்போகும். உளுத்த இடத்தில் உருளை அமிழும். அந்தப் பக்கம் அறை இறங்கும். இறங்கிய அறையின் மேல் விளிம்பு வாய் பிளக்கும். இன்னும் அதிகத் தண்ணீர் உள்ளே வரும்!

ஆக, கோணலால் ஒழுக்கு. ஒழுக்கால் மேலும் கோணல். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது அதைத் திரும்பவும் கெடுத்துவிடும். இரண்டு மூன்று மழைக்காலம் அலட்சியமாக விட்டவர்களின் வண்டியில் சோபாவோடு தரை கீழே தொங்குவதுண்டு. அதைவிட மோசம், அறை வெளியே நீண்ட நிலையிலேயே சிக்கிக்கொள்வது. இரண்டடி துருத்திக்கொண்டிருக்கும் வண்டியை எந்தச் சாலையில் ஓட்டுவது?

நீர் எங்கே நுழைகிறது?

ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்: சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு. இங்கேயும் அப்படியே. குளிர்சாதன யந்திரத்தின் தண்ணீரோ, ஜன்னல் ஓரத்து மழையோ, வண்டிக் கூரையின் விரிசலோ சுவருக்குள் ஓடிவந்து இந்த அறைக்கடியில் நிற்கலாம். பழி மட்டும் அறையின் மேல்!

கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன். மற்றவர் வெளியே தண்ணீர்க் குழாயுடன். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் பத்து நிமிஷம் நனைத்து, மெதுவாக மேலே போக வேண்டும். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து, எது நுழைவாசல் என்று தெரியாமல் போய்விடும். பீய்ச்சியடிக்கும் யந்திரமும் கூடாது. அந்த வேகத்தில் நல்ல ரப்பரும் தோற்கும்.

கன்டெயினர் பழுது பார்ப்பவர்களிடம் இதைவிடச் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. ஓர் ஆளைப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கும்மிருட்டில் எங்கே ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே ஓட்டை! நம் வண்டியிலும் ஜன்னல்களைப் போர்வையால் மறைத்துவிட்டுப் பட்டப்பகலில் இப்படிப் பார்க்கலாம். மேல் மூலைகள் இரண்டையும் முதலில் பாருங்கள். ரப்பர் துண்டுகள் சந்திக்கும் இடம் அதுதான். நீர் நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அளவு பார்த்தல்

இனி வேலை. வண்டி சமதரையில், கெட்டியான இடத்தில் நிற்க வேண்டும். மணலில் வேண்டாம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஜாக்கிகளை ஏற்றி இறக்கி வண்டியைச் சமப்படுத்த வேண்டும். பாட்டரி நன்றாகச் சார்ஜ் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மோட்டார் திணறுவதைக் கோணல் என்று நினைத்து, ஒன்றும் கெடாத போல்ட்டுகளைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு.

அடுத்து, ஓட்டையையே அளக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடியுங்கள். மறு குறுக்கையும் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஓட்டை சதுரமாக இருக்கிறது, குற்றம் அறையில். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றம் வண்டியின் சுவரில். அப்போது அறையைத் திருத்திப் பயனில்லை. சுவர்ச் சட்டத்தையோ, கீழேயுள்ள தாங்கியையோ பார்க்க வேண்டும். கதவு சாத்த மறுக்கும் கன்டெயினரையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பெட்டி முறுக்கிக்கொண்டிருந்தால் கீலைத் தட்டி என்ன லாபம்?

பிறகு அறையை மூடி, நான்கு மூலைகளிலும் இடைவெளியை அளந்து சாக்கட்டியால் எழுதிக்கொள்ள வேண்டும். திறந்த நிலையிலும் அப்படியே. மூடிய நிலையில் மேலே வாய் பிளந்து, கீழே இறுக்கமாக இருந்தால் அறை வெளிப்புறம் சாய்ந்து தொங்குகிறது என்று பொருள். இடது பக்கம் பதிந்து, வலது பக்கம் பதியாவிட்டால் ஒரு பக்கம் பின்தங்கி வருகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக்குக் காகிதத் துண்டு போதும். ரப்பருக்கும் விளிம்புக்கும் நடுவே செருகி மூடுங்கள். பிடிப்பின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மழையும் வரும்.

திருத்தும் விதம்

பழைய வண்டிகள் பலவற்றில் அறைக்கு அடியில் இரண்டு பல்வைத்த சட்டங்கள் இருக்கும். பற்சக்கரங்கள் அவற்றைத் தள்ளும். இரண்டு சக்கரங்களையும் ஒரு குறுக்கு ஷாப்ட் இணைக்கும். சில வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் சிலிண்டர். சிலவற்றில் எஃகுக் கயிறு. பிந்திய வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு சிறு மோட்டாரும், அவை இரண்டையும் ஒரே கதியில் ஓடவிடும் மின்சாரக் கருவியும் உண்டு. எந்த ஏற்பாடானாலும் நோக்கம் ஒன்று: இரு பக்கமும் சேர்ந்து நகர வேண்டும். நுகத்தடியில் பூட்டிய மாடுகள் மாதிரி!

பல்சட்ட வண்டியில் ஒரு பக்கம் ஒரு பல் தாண்டிவிட்டால், அந்தப் பக்கம் என்றென்றும் பின்தங்கும். குறுக்கு ஷாப்டின் கப்ளிங்கைத் தளர்த்தி, பின்தங்கிய பக்கத்தை மட்டும் கையால் சுற்றிச் சமப்படுத்தி, மறுபடி முடுக்க வேண்டும். உயரம் தவறியிருந்தால் சட்டத்தின் முனையிலுள்ள போல்ட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அறையை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

ஓர் எச்சரிக்கை. அறை பல நூறு கிலோ எடை. போல்ட்டைத் தளர்த்துமுன் அடியில் மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுக்காமல் யாரும் கையைவிடக் கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பது தற்கொலைக்குச் சமானம். உள்ளே கை இருக்கும்போது வேறொருவர் பொத்தானை அமுக்கிவிடாதபடி பாட்டரிக் கம்பியையும் கழற்றி வைக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் எர்ணாவூரின் உப்புக்காற்று தன் வேலையைக் காட்டும். போல்ட்டுகள் துருவில் இறுகி, ஸ்பானர் வைத்தால் தலை முறியும். முதல் நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பது புத்திசாலித்தனம். புதிதாகப் போடுவது எவர்சில்வர் போல்ட்டாக இருந்தால் அடுத்தமுறை கழற்றுபவர் வாழ்த்துவார்.

உளுத்த பலகை

அறையை நேராக்குமுன் தரையைப் பார்த்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல மறந்தேன். உளுத்த பலகையின் மேல் வைத்துப் பார்த்த அளவு நாளைக்கு நிற்காது. கம்பளத்தை உரித்து, கூரான ஊசியால் அங்கங்கே குத்திப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் இறங்குவது போல ஊசி இறங்கினால் பலகை போய்விட்டது. நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டியதுதான். பார்க்கவே மனசு கஷ்டப்படும். ஆனாலும் இரண்டங்குலம் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அந்த இரண்டங்குலத்திலிருந்து உளுப்பு திரும்பவும் கிளம்பும்.

வெட்டிய பிறகு மின்விசிறி வைத்து நாட்கணக்கில் உலர்த்த வேண்டும். ஈரத்தின் மேல் புதுப் பலகையை அடித்தால் நோயை உள்ளே வைத்துத் தைத்தாற்போல் ஆகும். தண்ணீர் தாங்கும் பிளைவுட் போட வேண்டும். கன்டெயினர்களின் தரையே 28 மில்லிமீட்டர் பிளைவுட்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதன் மேல் டன் கணக்கில் சரக்கு ஏறுகிறது! எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரங்களுக்கு எபாக்ஸி பூசாமல் பொருத்தக் கூடாது. தண்ணீர் குடிப்பது பலகையின் முகமல்ல, ஓரம்.

அறையின் வெளிச்சுவர் பெரும்பாலும் பைபர். மூலையில் விரிசல் கண்டிருந்தால் அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டாம். காசிமேட்டில் பைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர்களின் கைக்கு அது பழகின வேலை. தேய்த்து, பைபர் பாய் வைத்து, ரெசின் பூசினால் முடிந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெல்லாம் பைபர் படகுகள் பெருகியதில் இந்தத் தொழிலும் பெருகியது.

கடைசியில்தான் ரப்பர்

தரை உறுதியாகி, அறை நேராகி, காகிதத் துண்டு நான்கு பக்கமும் பிடிபட்ட பிறகே ரப்பருக்கு வர வேண்டும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. கல் மாதிரி இருந்தாலோ, வெயிலில் வெடித்திருந்தாலோ மாற்ற வேண்டும். பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். மூலையில் துண்டு வைத்து ஒட்டுவதைவிடச் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது மேல். ரப்பர் வழுக்குவதற்காக கிரீசையோ எஞ்சின் ஆயிலையோ தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்! பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் போகும். அதற்கென்று சிலிக்கான் தெளிப்பான் இருக்கிறது. பூசுவதற்குத்தான் சிலிக்கான் ஆகாது; தெளிப்பதற்கு ஆகும். விசித்திரந்தான்!

நகராத மூட்டுகளுக்கு, அதாவது அறையின் சொந்த மூலைகளில் உள்ள உலோகப் பட்டைகளுக்கு, பியூட்டைல் என்னும் பிசின் நாடா இருக்கிறது. பட்டையைக் கழற்றி, பழைய ஸ்குரூ ஓட்டைகளை அடைத்து, நாடாவை வைத்து மறுபடி முடுக்கினால் இடுக்கெல்லாம் பிதுங்கி அடைபடும்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி குழாய், மறுபடி டார்ச் விளக்கு, கீழிருந்து மேலாக. அறைக் கூரையில் தண்ணீர் தேங்கினால் அது வெளிப்பக்கமாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்பக்கமாக வழிந்தால் உயர போல்ட்டை இன்னும் கால் சுற்று திருப்ப வேண்டியிருக்கிறது. அறையை மூடுவதற்கு முன் கூரையில் விழுந்த இலை தழைகளைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். ஒரு முருங்கைக் குச்சி ரப்பரில் மாட்டிக்கொண்டால் போதும், செய்த வேலை பாழ்.

புது ரப்பர் ஒரு மாதத்தில் சற்றுப் படியும். அப்போது அந்தக் காகிதத் துண்டை எடுத்துக்கொண்டு நான்கு மூலைகளையும் இன்னொரு முறை சுற்றி வர வேண்டும். புரட்டாசிக்குள் அதை முடித்துவிட்டால், ஐப்பசி இரவில் சோபாவுக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பார்க்கலாம்.